மூணாற்றுப் பனிக்காலத்தில் நாயை நடைக்கு அழைத்துச் செல்லும் முறை

மார்கழியிலும் தையிலும் மூணாற்றின் செண்டுவரை, லட்சுமி போன்ற எஸ்டேட்டுகளில் சில நாள்கள் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே இறங்கி, புல்மேடுகள் வெள்ளையாகக் கிடக்கும். புதிதாக நாய் வளர்ப்பவர்கள் முதலில் ஸ்வெட்டரைத்தான் தேடுகிறார்கள். அதைவிட முக்கியமானது, எந்த நேரத்தில், எந்த வழியில் நடக்கிறோம் என்பதே.

படி 1: வெயிலுக்காகக் காத்திருங்கள்

விடியலை ஒட்டிய நேரத்தில்தான் உறைபனி மிகக் கடுமையாக இருக்கும். அதே நேரத்திலும் அந்தி சாய்ந்த பின்பும் சிறுத்தை நடமாடுவதால், நாய்க்கு அவை இரட்டை ஆபத்தான வேளைகள். புல்லின் மேல் படிந்த வெள்ளை கரைந்த பிறகு கிளம்பி, மாலை நடையை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கக் காலையிலேயே போக வேண்டியவர்கள், லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) அருகிலேயே கயிற்றில் பிடித்தபடி நாயைச் சிறுநீர் கழிக்க விட்டு, நடையை வேலை முடிந்து வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளங்களிலும் ஓடைக்கரைச் சதுப்புகளிலும் தேங்கி நிற்கும். அங்கே பனி தாமதமாகவே கரையும். கிழக்கு வெயில் முதலில் விழும் சரிவுப் பாதையே நல்லது. மருந்தடித்த தேயிலைக் காட்டுக்குள் நாயை விடாதீர்கள், ஏனெனில் காலில் ஒட்டியதை அது நக்கிவிடும்.

படி 3: கயிறும் உடையும்

கழுத்தை இறுக்காத மார்புப் பட்டையும், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள உறுதியான கயிறும் போதும். எவ்வளவு பழகிய நாயானாலும் இங்கே அவிழ்த்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்: புதருக்குள் நிற்கும் யானையைக் குரைத்துச் சீண்டும் நாய், அது துரத்தத் தொடங்கியதும் நேராக வளர்த்தவரிடமே ஓடி வந்து, யானையையும் கூடவே அழைத்து வந்துவிடும்.

குட்டை முடியும் மெலிந்த உடலும் கொண்ட சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்கள் சமவெளி வெயிலுக்குப் பழகியவை. அவற்றுக்கும் குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும் உடை தேவை. அடர்ந்த முடியுள்ள பொமரேனியனுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நனைந்த உடை குளிரைக் கூட்டும் என்பதால் உடனே கழற்றிவிட வேண்டும்.

படி 4: நடக்கும்போது கவனியுங்கள்

நடுங்கினாலோ, பாதத்தை மாற்றி மாற்றித் தூக்கினாலோ, நடக்க மறுத்து நின்றாலோ, பாதி வழியானாலும் திரும்பிவிடுங்கள்.

படி 5: வீடு திரும்பியதும்

வயிற்றையும் விரலிடுக்குகளையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரமில்லாமல் துவட்டுங்கள். விறைத்த பாதத்தைத் தேய்க்காதீர்கள், அடுப்பருகிலும் கிடத்தாதீர்கள். உணர்விழந்த தோல் எளிதில் வெந்துவிடும். உடல் சில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்று நாய் சோர்ந்து விழுந்தால், நலமடைந்துவிட்டது என்று எண்ணாமல், உலர்ந்த கம்பளியில் சுற்றி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.