தயக்கமா, ஊசலாட்டமா, தட்டிக்கழிப்பா? ஆங்கிலத் தயக்கச் சொற்களைப் பிரெஞ்சில் பெயர்க்கும் முறை

பல்லாவரத்தில் இயங்கும் ஒரு தோல்பொருள் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆங்கிலக் கடிதங்களைப் பிரெஞ்சில் பெயர்த்துக் கொடுக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, ஒரே கடிதத்தில் இரண்டு பிழைகள் செய்தேன். மாத இறுதிக்குள் சரக்கு ஐயத்துக்கு இடமின்றி அனுப்பப்படும் என்பது மூலத்தின் முதல் வரி. கைப்பையின் நிறத்தைப் பற்றி எங்கள் இயக்குநர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பது அடுத்த வரி. என் பிரெஞ்சைப் படித்த லியோன் நகரத்து வாடிக்கையாளர், சரக்கு வருவது உறுதியா அல்லது வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு மட்டும்தானா என்று கேட்டு எழுதினார். இயக்குநர் எதிலும் முடிவெடுக்கத் தெரியாதவர் என்ற பொருளும் அந்தக் கடிதத்தில் தொனிக்கிறது என்று எனக்குப் பிரெஞ்சு கற்பித்த ஆசிரியை பின்னர் சுட்டிக்காட்டினார். இரண்டு இடங்களிலும் இருமொழி அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைத்தான் எழுதியிருந்தேன். அதன்பின் நான் எனக்கென்று வகுத்துக்கொண்ட முறையை இங்கே விளக்குகிறேன்.

பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்து, வினைத்திரிபுகளை ஓரளவு அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே அடிப்படை இலக்கணத்துக்குள் செல்லவில்லை. பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பிரெஞ்சின் 'த்' ஒலி நம் 'பத்து' என்ற சொல்லில் வரும் ஒலிக்கு நெருக்கமானது. ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட்' ஆக்கிவிட வேண்டாம்.

முதல் படி: ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

இது சுற்றுவழி என்று பலர் தவிர்க்கிறார்கள். எனக்கோ இதுவே முழு வேலையின் பாதி. ஆங்கிலத்தில் 'ஹெசிடேட்', 'வேவர்', 'டிதர்', 'வாசிலேட்', 'ரிலக்டன்ட்' என்று சொற்கள் வரிசையாக நிற்கும்போது அவை எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். மொழிபெயர்ப்புச் செயலிகளும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 'எஸித்தே' என்ற ஒரே வினையைத் தந்துவிடும். தமிழில் சொல்ல முயன்றால் அந்தச் சொற்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வராமல் இருப்பது ஊசலாட்டம். முடிவு தெரிந்தும் செய்ய மனம் வராமல் இருப்பது விருப்பமின்மை. முடிவைச் சொல்லாமல் பேச்சிலும் நாளிலும் இழுத்தடிப்பது தட்டிக்கழித்தல். காலோ குரலோ சுடரோ நிலைகொள்ளாமல் ஆடுவது தடுமாற்றம். இந்த நான்கில் உங்கள் வாக்கியம் எதைச் சேர்ந்தது என்பதை முடிவு செய்த பிறகே அகராதியைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் படி: 'எஸித்தே' வினையைச் சரியாகக் கட்டுதல்

ஊசலாட்டத்துக்கு உரிய முதன்மை வினை இதுதான். எழுத்தில் தொடக்கத்தில் 'எச்' இருந்தாலும் அது ஒலிப்பதில்லை. அதனால் 'ஜெ' சுருங்கி 'ஜெஸித்' என்று ஒன்றாகிவிடும். இரண்டு பொருள்களுக்கு இடையே தேர்வு என்றால் 'ஆந்த்ர்' என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்க்க வேண்டும். தியாகராய நகரில் இரண்டு பட்டுப் புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர், 'ஜெஸித் ஆந்த்ர் லா ப்ளே ஏ லா வேர்த்' என்பார். நீலமா பச்சையா என்று தெரியவில்லை என்பது பொருள். ஒரு செயலைச் செய்வதா என்ற தயக்கம் என்றால் 'ஆ' சேர்த்து, வினையின் மூலவடிவத்தை எழுத வேண்டும்: 'ஜெஸித் ஆ பார்த்தீர்'. தமிழில் 'போவதா வேண்டாமா என்று தயங்குகிறேன்' என்று இருபுறத்தையும் நாம் சொல்வோம். பிரெஞ்சில் அந்த 'வேண்டாமா' சொல்லப்படாமலேயே 'ஆ' என்ற ஒற்றை எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. தொடக்க நிலையில் பலர் அந்த 'வேண்டாமா'வையும் தனியாகப் பெயர்க்க முயன்று வாக்கியத்தைச் சிக்கலாக்குகிறார்கள்.

கடிதத்தின் முடிவில் வரும் 'தயங்காமல் தொடர்புகொள்ளுங்கள்' என்பதற்கு 'நெஸித்தே பா ஆ நூ கோந்தாக்தே' என்பது நிலைபெற்ற தொடர். இதை அப்படியே பயன்படுத்தலாம்.

மூன்றாம் படி: 'ஆன்தெஸி' என்ற பெயரடையில் கவனம்

ஆங்கிலத்தில் 'அன்டிசைடட்' என்பது இந்த விஷயத்தில் இன்னும் முடிவு செய்யாதவரைக் குறிக்கும்; 'இன்டிசிசிவ்' என்பது எப்போதும் முடிவெடுக்கத் திணறும் இயல்புடையவரைக் குறிக்கும். பிரெஞ்சில் 'ஆன்தெஸி' இரண்டு பொருளிலும் வருகிறது. தேர்தல் கருத்துக்கணிப்புகளில் இன்னும் முடிவு செய்யாத வாக்காளர்களை 'லேஸ் ஆன்தெஸி' என்பார்கள். அங்கே குறை எதுவும் இல்லை. ஆனால் ஒரு தனி மனிதரைப் பற்றி, வேறு விளக்கம் சேர்க்காமல் 'அவர் ஆன்தெஸி' என்று எழுதினால் அது அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பாகப் படிக்கப்படலாம். என் இயக்குநருக்கு நேர்ந்தது அதுதான்.

ஆகவே மனிதரைப் பேசுகிற இடத்தில் பெயரடையை விட்டுவிட்டு வினையைப் பிடிப்பது நல்லது. 'ஜெ நே பாஸ் ஆன்கோர் ப்ரீ மா தெஸிஸியோன்' என்றால், நான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பது மட்டுமே பொருள். வணிகக் கடிதத்துக்கு எனக்குப் பிடித்த தொடர் 'அரெத்தே ஸோன் ஷுவா' என்பது. 'அரெத்தே' என்றால் பொதுவாக நிறுத்துதல். இங்கே தேர்வை ஓரிடத்தில் நிலைநிறுத்துதல். 'இயக்குநர் இன்னும் தம் தேர்வை நிலைநிறுத்தவில்லை' என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தில் மரியாதையும் இருந்திருக்கும், தெளிவும் இருந்திருக்கும். உறுதியற்ற இயல்பைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'ஆன்தெஸி' பொருத்தமே. பெண்ணைக் குறிக்கும்போது 'ஆன்தெஸீஸ்' என்று இறுதி ஒலி வெளிப்படும்.

நான்காம் படி: 'ஸான் தூத்' என்ற கண்ணி

என்னைத் தடுக்கி விழவைத்த இடம் இதுவே. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 'ஸான்' என்றால் இன்றி, 'தூத்' என்றால் ஐயம். இரண்டையும் சேர்த்தால் ஐயமின்றி என்றுதான் யாருக்கும் தோன்றும். 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சில் அதற்கு அந்தப் பொருளும் இருந்தது. காலப்போக்கில் அதன் உறுதி தேய்ந்து, இன்றைய பிரெஞ்சில் 'அநேகமாக', 'பெரும்பாலும்' என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. தமிழில் 'வராமல் என்ன, வருவார்' என்று நாம் சொல்லும்போது, உறுதி கூறுவதைப் போன்ற அமைப்பு இருந்தாலும் உள்ளே ஓர் ஊகம் மட்டுமே இருப்பதைப் போன்றது இது. ஆகவே 'மாத இறுதிக்குள் ஸான் தூத் அனுப்புவோம்' என்று ஏற்றுமதியாளர் எழுதினால், பிரெஞ்சுக்காரர் அதை வாக்குறுதியாகக் கொள்ளமாட்டார்.

உண்மையான உறுதியைச் சொல்ல நடுவில் ஒரு சொல் வேண்டும்: 'ஸான்ஸ் ஓக்கன் தூத்', அதாவது எந்த ஐயமும் இன்றி. 'ஸான் நூல் தூத்' என்பதும் அதே பொருளில் வரும். இந்த நடுச்சொல் விழுந்துவிட்டால் வாக்குறுதியே விழுந்துவிடுகிறது. என் சொந்தக் கருத்தைச் சொன்னால், வணிகக் கடிதத்தில் இந்தத் தொடர்கள் எதுவுமே தேவையில்லை. அனுப்பும் தேதியையும் எதிர்கால வினையையும் எழுதிவிட்டால் அதைவிட உறுதியான வாக்கியம் கிடையாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'ஸான் தூத்' வாக்கியத்தின் தலைப்பில் வந்தால், எழுத்து நடையில் எழுவாயும் வினையும் இடம் மாறும்: 'ஸான் தூத் வியான்த்ரா-த்-இல்', அநேகமாக அவர் வருவார். வாக்கியத்தின் நடுவில் வந்தால் இந்த மாற்றம் இல்லை. தொடக்க நிலையில் நடுவிலேயே வைத்துப் பழகுவது எளிது.

ஐந்தாம் படி: இழுத்தடிப்பைக் குறிக்கும் வினைகள்

இந்தப் பகுதியில்தான் தமிழ் நமக்கு மிகவும் கைகொடுக்கிறது. 'தெர்ஜிவெர்ஸே' என்ற வினை, முதுகு, திருப்புதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேர்களிலிருந்து வந்தது. புறங்காட்டுதல் என்று நாம் சொல்வதற்கு இணையான படிமம். நேரான விடை தராமல் நழுவிக்கொண்டே இருப்பவருக்கு, அதாவது தட்டிக்கழிப்பவருக்கு, இது பொருந்தும். 'அத்தெர்முவாயே' என்பது தவணை, கெடு என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. கடனைத் திருப்பித் தரும் கெடுவைத் தள்ளிப்போடுவது அதன் பழைய சட்டப் பொருள். நம் ஊரில் வாய்தா வாங்குதல் என்ற நீதிமன்ற வழக்கு அன்றாடப் பேச்சில் காலம் கடத்துவதைக் குறிக்க வந்ததைப் போலவே, அதுவும் இன்று பொதுவாகக் காலம் கடத்துவதைக் குறிக்கிறது. 'பார்கினியே' என்ற பழைய வினை இன்று பெரும்பாலும் 'ஸான் பார்கினியே' என்ற தொடரில் மட்டுமே வாழ்கிறது. பேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதால், பேரம் பேசாமல், தயங்காமல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் எதையும் 'தயங்குகிறேன்' என்று பணிவாகச் சொல்லும் இடத்தில் எழுதக் கூடாது. 'தெர்ஜிவெர்ஸே'யில் ஒரு குற்றச்சாட்டு உள்ளது. உங்களைப் பற்றி நீங்களே சொல்லும்போது, பேச்சு வழக்கில் 'ஜெ மெ தாத்' என்பது இயல்பானது: என்னை நானே தொட்டுத் தடவிப் பார்க்கிறேன், இன்னும் யோசிக்கிறேன் என்று பொருள்.

ஆறாம் படி: முகம் ஒன்று, பொருள் வேறு

ஆங்கில 'ரெடிசன்ட்' என்றால் அதிகம் பேசாதவர். பிரெஞ்சின் 'ரெத்திஸான்' இன்று பெரும்பாலும் விருப்பமில்லாதவரைக் குறிக்கிறது. அதாவது ஆங்கிலத்தின் 'ரிலக்டன்ட்' என்பதற்கு அதுவே நெருக்கம். ஆனால் பிரெஞ்சுக் காப்பீட்டுச் சட்டத்தில் 'ரெத்திஸான்ஸ்' என்ற பெயர்ச்சொல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைத்தல் என்ற பழைய பொருளிலேயே நிற்கிறது. காப்பீட்டு ஆவணங்களைப் பெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். மனமில்லாமல் ஒன்றைச் செய்வதற்கு 'ஆ கோந்த்ரகர்', இதயத்துக்கு எதிராக, என்பது அழகான தொடர்.

ஆங்கில 'வாசிலேட்' மனத்தின் ஆட்டத்தைக் குறிக்கும். பிரெஞ்சின் 'வஸியே' முதன்மையாகக் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம்: காற்றில் நடுங்கும் சுடர், தள்ளாடும் கால். மனம் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்வதற்கு 'ஓஸிலே ஆந்த்ர்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

மரபுத்தொடர்கள் வரும்போது

வேலியின் மேல் உட்காருவதாக ஆங்கிலம் சொல்வதை நாம் மதில்மேல் பூனை என்போம். பிரெஞ்சில் பலர் உடனே 'மெனாஜே லா ஷேவ்ர் ஏ லெ ஷூ' என்று எழுதுகிறார்கள்: ஆட்டையும் முட்டைக்கோசையும் காப்பாற்றுதல். ஓநாய், ஆடு, முட்டைக்கோசு மூன்றையும் ஆற்றைக் கடத்தும் புதிரை நினைவூட்டும் தொடர் இது. நம் வீடுகளில் புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று சொல்லப்படுகிற அதே புதிர். ஆனால் இதன் பொருள் இரு தரப்பையும் பகைத்துக்கொள்ளாமல் நடப்பது. கருத்தே சொல்லாமல் ஒதுங்கி நிற்பவருக்கு 'ந பா ஸெ மூயே', நனையாமல் இருத்தல், என்பதே சரி. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பதற்கு இணையாக இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இருத்தல் என்ற தொடர் உண்டு. அதன் முழு வடிவத்தில் கொச்சைச் சொல் வருவதால், 'ஆந்த்ர் தெ ஷேஸ்' என்ற சுருங்கிய வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

கருவிகள்

இருமொழி அகராதியை நான் கடைசியாகத்தான் திறப்பேன். 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வெளிவந்த 'த்ரெஸோர்' அகராதி இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேர்ச்சொல் வரலாற்றுக்கு அதைவிட நல்லதை நான் கண்டதில்லை. இன்றைய வழக்குக்கு 'லரூஸ்' போதும். அச்சு நூலைப் புரட்ட விரும்புகிறவர்கள் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்துக்குச் சென்று பார்க்கலாம். மொழிபெயர்ப்புச் செயலியை ஒரே ஒரு வேலைக்கு வைத்திருக்கிறேன்: நான் எழுதிய பிரெஞ்சை அதனிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்புவேன். 'ஸான் தூத்' அங்கே 'அநேகமாக' என்று திரும்பி வந்தால் பிழை உடனே தெரிந்துவிடும்.

பின்னிணைப்பு

இதைப் படித்த ஒரு மாணவி, வகுப்பில் 'ஜே அன் தூத்' என்று சொன்னபோது ஆசிரியர் 'எதில்?' என்று திருப்பிக் கேட்டதாக எழுதியிருந்தார். சென்னை வகுப்பறையில் 'ஒரு சந்தேகம்' என்றால் ஒரு கேள்வி. பிரெஞ்சில் அது, இதுவரை சரியென்று நினைத்த ஒன்றில் உறுதி குறைந்துவிட்டது என்ற பொருளைத் தரும். கேள்வி கேட்க 'ஜே யூன் கெஸ்தியோன்' என்று சொல்ல வேண்டும்.

அவரே அனுப்பிய இன்னொரு வாக்கியம் 'ஜெ மெ தூத் கில் வியான்த்ரா'. அவர் வருவது ஐயமே என்று சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் 'மெ' சேர்ந்தவுடன், அவர் வருவார் என்றுதான் ஊகிக்கிறேன் என்று பொருள் தலைகீழாகிவிடுகிறது. அவர் சொல்ல நினைத்ததற்கு 'மெ' இல்லாமல், வினையைச் சுப்ஜோன்க்திஃப் வடிவத்தில் வைத்து, 'ஜெ தூத் கில் வியென்' என்று எழுத வேண்டும்.