முறை மாற்றி ஆடும் போட்டிகளில் மறு ஆட்டத்துக்கு விதி வகுப்பது எப்படி

‘பாட்டில் ஃபார் வெஸ்நாத்’ போன்ற, முறை மாற்றி ஆடும் வியூக விளையாட்டில் நண்பர்களுக்குள் சிறு போட்டி நடத்த முன்வருபவர், அட்டவணை போடுவதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும்: எப்போது ஓர் ஆட்டத்தைப் பழைய சேவிலிருந்து (இடையில் பதிந்துவைத்த ஆட்ட நிலையிலிருந்து) தொடங்கலாம், எப்போது கூடாது என்பது. புலம்பல் அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான் எழும். தகராறாக முற்றுவதோ மறு ஆட்டம்தான்.

முதலில் ஆட்டக்காரர்களுக்குக் கணக்கைக் காட்டிவிடுங்கள். வெஸ்நாத்தில் கோட்டைக்குள் நிற்கும் வீரருக்குப் பொதுவாக 60 விழுக்காடு தற்காப்பு உண்டு. ஆகவே அவர்மேல் ஓங்கும் ஒவ்வோர் அடியும் படுவதற்கு 40 விழுக்காடு வாய்ப்புதான். ஒரு தாக்குதலில் நான்கு அடிகள் இருந்தால், நான்கும் தவறுவதற்கு ஏறத்தாழ 13 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எட்டுத் தாக்குதல்களில் ஒன்று இப்படிப் போவது இயல்பே. மந்திரத் தாக்குதல் எந்த நிலத்திலும் 70 விழுக்காடு படும் என்றாலும், மூன்று அடிகளும் வீணாகும் 2.7 விழுக்காடு வாய்ப்பு அங்கேயும் இருக்கிறது. ஃபயர் எம்பளம் என்ற விளையாட்டு வரிசையில் பழகியவர்களுக்கு இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் பல பாகங்களில் தற்செயலாக எடுக்கப்படும் இரண்டு எண்களின் சராசரியைக் கொண்டு அடி தீர்மானிக்கப்படுவதால், திரையில் 90 என்று காட்டுவது உண்மையில் 98 விழுக்காட்டுக்கு மேல் படும். அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு நேர்மையான 90கூட மோசடியாகத் தோன்றும்.

அடுத்தது மறு முயற்சி. 30 விழுக்காடு வாய்ப்புள்ள ஒரு தாக்குதலைத் தோற்றபின் ஒரே ஒருமுறை சேவிலிருந்து திரும்ப ஆட விட்டால் வெற்றி வாய்ப்பு 51 விழுக்காடாகிறது. மொத்தம் ஐந்து முறை ஆட விட்டால் 83 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. 2012இல் வெளிவந்த ‘எக்ஸ்காம்: எனிமி அன்னோன்’ என்ற விளையாட்டு இதைத் தடுக்க, ரேண்டம் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான விதையையும் சேவோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது, அதே குண்டை மறுபடி சுட்டால் அதே விளைவுதான் வரும். ஆனால் வேறொரு வீரரை முதலில் சுடவைத்தால் எண்களின் வரிசை மாறிவிடும் என்பதால், இதை முழுப் பாதுகாப்பாகக் கொள்ள முடியாது. தனியாக ஆடுபவர் எப்படி ஆடினால் என்ன, அது அவர் பாடு. எதிராளி இருக்கும்போது, தாக்குதல் தொடங்கிய பிறகு திரும்பப் பெறுதல் இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

இணைப்பு அறுந்துபோவதற்கான விதியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தானியங்கிச் சேவ் சுற்றின் தொடக்கத்தில் பதிவாவதால், அதிலிருந்து தொடர்வது என்று விதி வைத்தால், மூன்று தாக்குதல்கள் தவறிய ஒருவருக்கு வைஃபையை அணைத்துவிட்டு வருவது லாபமாகிவிடும். நான் நடத்திய ஒரு போட்டியில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை, அதுவும் தோற்ற தாக்குதலுக்கு அடுத்த நொடியில், இணைப்பு போனது. வேண்டுமென்று செய்தாரா என்பதை நிரூபிக்க வழியில்லை, நிரூபிக்கத் தேவையுமில்லாதபடி விதியை மாற்றினேன். ஆட்டத்தில் எஞ்சியிருப்பவர் அறுந்த இடத்திலேயே சேவ் செய்துவிட்டு வெளியேற வேண்டும், அந்தக் கோப்பிலிருந்து மட்டுமே ஆட்டம் தொடர வேண்டும். அந்தக் கோப்பு கிடைக்காவிட்டால், அதுவரை நடந்த சண்டைகளின் விளைவை அப்படியே மீட்க முடியாது என்பதால், மறு ஆட்டமா தோல்வியா என்று முடிவு செய்யும் உரிமையை இணைப்பை இழக்காதவரிடம் விட்டுவிடலாம்.

முதலில் நகர்த்துபவருக்குக் கிடைக்கும் சாதகத்தை ஈடுசெய்ய, அதே வரைபடத்தில் பக்கம் மாற்றி இரண்டாவது ஆட்டம் வையுங்கள். நேரக் கட்டுப்பாட்டை இரு ஆட்டங்களுக்கும் ஒன்றாகவே அமையுங்கள்.

புகார் தருபவர் ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்க உதவும் ரீப்ளே கோப்பையும் சுற்றின் எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வெஸ்நாத்தின் புள்ளிவிவரப் பக்கம் எதிர்பார்த்த சேதத்தையும் உண்மையில் நேர்ந்த சேதத்தையும் அருகருகே காட்டுகிறது. அந்த வித்தியாசத்தை மட்டுமே காரணமாகக் காட்டும் புகாரைப் படித்துவிட்டு, மரியாதையாகவே திருப்பி அனுப்பிவிடலாம்.