நீல முட்டை வருமா, பச்சை முட்டை வருமா? கலப்புக் கோழி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

நான் முதலில் வாங்கிய ஆறு குஞ்சுகளில் இரண்டு சேவலாகிவிட்டன. மிச்சம் நான்கில் இரண்டு பச்சை முட்டை வைத்தன, இரண்டு சாதாரணப் பழுப்பு முட்டை வைத்தன. விற்றவரோ "எல்லாமே நீலம்தான்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஏமாந்துவிட்டோம் என்று கொஞ்ச நாள் புலம்பினேன். முட்டை நிறத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு புரிந்ததும் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, அது வேறு விஷயம். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் உங்களுக்கு இந்தப் புலம்பல் மிச்சம்.

1. முதலில் ஓட்டை உடைத்துப் பாருங்கள்

ஒரு பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். நீல முட்டை ஓட்டின் உள்பக்கமும் நீலம்தான். முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. பிலிவெர்டின் என்ற நீல நிறமி ஓடு வளரும்போதே அதில் கலந்துவிடுகிறது. பழுப்பு நிறமியான புரோட்டோபோர்பைரினில் பெரும்பங்கு கடைசி சில மணி நேரத்தில் மேலே பூசப்படுகிறது.

அப்படியானால் பச்சை? நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. பூச்சு அடர்த்தியாக இருந்தால் ஆலிவ் பச்சை. ஒரு பச்சை முட்டையை வினிகரில் சில நிமிடம் போட்டுவிட்டுத் துணியால் அழுத்தித் தேயுங்கள். பழுப்பு கழன்று வந்து, கீழிருந்து நீலம் எட்டிப் பார்க்கும். இதைச் செய்து காட்டினால் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு வேறு வேலைக்குப் போக மாட்டார்கள்.

தீவனத்தை மாற்றினால் நிறம் மாறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தீவனத்தால் மாறுவது மஞ்சள் கருவின் நிறம். ஓட்டின் நிறம் பரம்பரைச் சொத்து. சுவையிலும் சத்திலும் ஓட்டு நிறத்தால் எந்த வித்தியாசமும் இல்லை.

2. குஞ்சு வாங்கும் முன் தாய் தகப்பனை விசாரியுங்கள்

நீல ஓட்டுக்கு ஒரே ஒரு மரபணு காரணம். பழங்காலத்தில் ஒரு வைரஸின் துண்டு கோழியின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து தங்கியதால் வந்தது இது என்று 2013-ல் கண்டறிந்தார்கள். தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து வந்த அரௌகானா, அதன் வழியில் அமெரிக்காவில் உருவான அமெரௌகானா, இங்கிலாந்தில் உருவான கிரீம் லெக்பார் ஆகியவை இந்த மரபணு கொண்ட இனங்கள். இவற்றோடு வேறு எந்த இனம் கலந்தாலும், நிற முட்டை வைக்கக்கூடிய கலப்புக் கோழியை ஆங்கிலம் பேசுபவர்கள் ஈஸ்டர் எகர் என்கிறார்கள். அது ஒரு இனத்தின் பெயர் அல்ல, ஒரு வாய்ப்பின் பெயர்.

இந்த மரபணு ஓங்கு தன்மை உடையது. ஒரு பிரதி இருந்தாலே ஓடு நீலமாகும். தாய், தகப்பன் யாரிடமிருந்தும் வரலாம். ஒருவரிடம் இரண்டு பிரதியும் இருந்தால் எல்லாப் பெட்டைகளும் நீலமோ பச்சையோ வைக்கும். ஒருவரிடம் ஒரு பிரதி மட்டும், மற்றவரிடம் எதுவும் இல்லை என்றால் பாதிக்குப் பாதி. இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால் நான்கில் மூன்று. இது சராசரிதான். ஆறு குஞ்சில் ஆறும் பழுப்பாகப் போவதும் நடக்கும்.

ஆகவே "தாய்க்கோழி பச்சை முட்டை வைக்குமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. சேவல் எந்த முட்டையிலிருந்து பொரிந்தது என்றும் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

குஞ்சின் தலையில் ஒரு துப்பு உண்டு. அரௌகானா வழியில் வந்த கோழிகளில் நீல மரபணுவும், மூன்று வரிசைச் சிறு மேடாகத் தெரியும் பட்டாணிக் கொண்டையும் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கும். இரண்டு மரபணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இப்படி. ஆனால் கிரீம் லெக்பாருக்கு ஒற்றைக் கொண்டை, அந்த வழியில் இந்தத் துப்பு பலிக்காது. கன்னத்துப் பஞ்சுத் தாடியையும் காலின் நிறத்தையும் பார்த்து முட்டை நிறம் சொல்பவர்கள் ஜோசியம் சொல்கிறார்கள்.

3. அடை வைப்பதென்றால்

அடைக்கோழி இருந்தால் வேலையை அதனிடம் விட்டுவிடுங்கள், நம்மைவிட அதற்குத் தெரியும். இன்குபேட்டர் என்றால் மின்விசிறி உள்ளதில் 37.5 டிகிரி செல்சியஸ். முட்டையை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது திருப்ப வேண்டும். 18-ம் நாளோடு திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். 21-ம் நாள் பொரியும். நிற ஓட்டுக்குள் வெளிச்சம் அடித்துக் கருப் பார்ப்பது கடினம். அவசரப்பட்டுக் கூமுட்டை என்று ஒதுக்கிவிடாமல், பத்தாம் நாள் இருட்டறையில் நல்ல டார்ச்சால் பாருங்கள்.

4. முதல் ஆறு வாரம்

புதிதாக வளர்ப்பவர்கள் குஞ்சுகளை அதிகம் பறிகொடுப்பது இங்கேதான். முதல் வாரம் விளக்கின் கீழே 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். ஓரமாக ஒதுங்கி, சிறகை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரி. விளக்கை உறுதியான சங்கிலியில் தொங்கவிடுங்கள், விழுந்தால் தீப்பிடிக்கும்.

வழுவழுப்பான செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள். கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துவிடும், அப்புறம் நிற்காது. உமியோ மரச்சீவலோ போடுங்கள். தண்ணீர்த் தட்டில் நாலைந்து கூழாங்கற்கள் கிடக்கட்டும், மூழ்காது. பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஊற வைத்துத் துடையுங்கள். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும்.

தீவனத்தில் புரதம் 18 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். கூளம் ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். வெள்ளைக்கழிச்சலுக்கு எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்று கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. கொட்டகைக்கு மாற்றுதல்

கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடி. நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி. காற்றோட்டம் மேலே, இரவில் ஏறி உட்காரக் கழி. கழி முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியில் படுத்துத் தூங்கி நாறடிக்கும்.

முட்டைத் தீவனத்துக்கு அவசரம் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 18 வாரத்துக்குப் பிறகு, அல்லது முதல் முட்டையைப் பார்த்த பிறகு மாற்றுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிப் பாத்திரத்தில் வைத்தால் வேண்டியது கொத்திக்கொள்ளும்.

சேவலா பெட்டையா என்பது கலப்பில் சீக்கிரம் பிடிபடாது. எட்டாவது வாரத்துக்குள் கொண்டை நன்றாகச் சிவந்தால் சேவலாக இருக்கலாம். மூன்று மாதத்தில் முதுகின் பின்பக்கம் கூரான நீண்ட இறகு வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

6. முதல் முட்டை

ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். பக்கத்து வீட்டுக் கோழி முந்திக்கொண்டால் கவலைப்படாதீர்கள். ஒரு கோழி வாழ்நாள் முழுக்க ஒரே நிறத்தில்தான் வைக்கும். இன்று நீலம், நாளை பழுப்பு என்பது கிடையாது. சாயல் மட்டும் வெளிறும், வெயிலிலும், நெடுநாள் தொடர்ந்து வைத்த பிறகும். இறகு உதிர்த்து ஓய்வெடுத்துத் திரும்பும்போது பழைய அடர்த்தி வரும்.

எந்த முட்டை யாருடையது என்று குழப்பம் வரும். அடுத்த தலைமுறைக்கு எதை அடை வைப்பது என்று தீர்மானிக்க இது தெரிந்தாக வேண்டும். ஒரு கோழியை இரண்டு மூன்று நாள் தனியே அடைத்துப் பார்க்கலாம், ஆனால் சில கோழிகள் கோபத்தில் முட்டையையே நிறுத்திவிடும். நான் செய்வது இது: இரவில் கழியில் தூங்கும் கோழியைத் தூக்கி, முட்டை வரும் துவாரத்தில் உணவு நிறமி ஒரு துளி தடவிவிடுவேன். ஒரு கோழிக்கு ஒரு நிறம். மறுநாள் முட்டையின் மேல் அந்த நிறத்தில் ஒரு கீற்று இழுத்திருக்கும். கையில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் சிவப்பு நிறமியோடு இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.