அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் கடைகளில் பார்சல் வாங்குவது எப்படி? கொடுக்கிற காசு கடைக்கே போய்ச் சேர ஒரு செய்முறை

2020 ஜூன் மாதம், கொரோனா காலத்தில், நான் வாங்கிய முதல் பார்சலே சொதப்பல். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கடைக்காரருக்குப் போக வேண்டிய காசில் ஒரு பங்கை வேறொரு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன். அது தெரியவே இரண்டு வாரம் ஆனது. நீங்களும் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனா பரவிய 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் அமெரிக்காவில் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்தது. கறுப்பினத்தவரை மட்டும் எடுத்துக்கொண்டால் 41 சதவீதம். ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சின்னத் தொழில்களுக்கு அரசு அறிவித்த 'சம்பளப் பாதுகாப்புக் கடன்' வங்கிகள் வழியாகத்தான் வந்தது. முதல் தவணையான 349 பில்லியன் டாலரும் 13 நாளில் தீர்ந்துபோனது. வங்கியில் ஏற்கெனவே கடன் கணக்கும் தெரிந்த மேலாளரும் இருந்தவர்கள் வரிசையில் முந்திக்கொண்டார்கள். தெருமுனையில் கோழி வறுக்கிற கடைக்காரர் பின்னால் நின்றார். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் ஏப்ரல் 27 முதல் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்தும், பல சின்னக் கடைகள் பார்சலை நம்பித்தான் ஓடின.

சரி, வேலைக்கு வருவோம்.

1. கடையைக் கண்டுபிடிப்பது

கூகுள், கடைகளை மதிப்பிடும் தளமான யெல்ப் இரண்டிலும் 2020இல் 'கறுப்பினத்தவர் கடை' என்ற அடையாளம் வந்துவிட்டது. ஆனால் கூகுளில் அதை உரிமையாளரே உள்ளே போய்ப் போட வேண்டும். முப்பது நாற்பது வருடமாகக் கடை நடத்தும் பெரியவர் அதற்கெல்லாம் உட்கார மாட்டார். அதனால் என் ஓட்டு, கறுப்பினத்தவர் உணவகங்களைத் தேடித் தரும் 'ஈட்ஓக்ரா' செயலிக்கு. புரூக்ளினைச் சேர்ந்த ஒரு தம்பதி 2016இல் தொடங்கியது. ஓக்ரா என்றால் நம்ம வெண்டைக்காய்தான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்கா வந்த காய். இவர்கள் சோற்றோடு சமைக்கும் 'பிளாக் ஐட் பீ'யும் வேறொன்றுமில்லை, நம்ம காராமணி. என் மாமியார் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் மூன்று பெயர் சொல்வேன். பாஸ்கல்ஸ், 1947இல் அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங்கும் கூட்டாளிகளும் கூடிப் பேசிய இடம். இப்போது காசில்பெர்ரி ஹில் பக்கம் இருக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய பிஸி பீ கஃபே, கிங்கின் பெயர் தாங்கிய சாலையிலேயே. சைவக்காரர்களுக்கு பிங்கி கோல் 2018இல் தொடங்கிய ஸ்லட்டி வீகன். முழுக்கத் தாவர பர்கர்தான். கடையின் பெயருக்கு மட்டும் மாமியார் அர்த்தம் கேட்டார். 'சும்மா ஒரு பெயர்' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

2. கடையின் சொந்த நம்பரைப் பிடிப்பது (இங்கேதான் நான் விழுந்தேன்)

தேடியதும் வந்த முதல் 'ஆர்டர்' பொத்தானை அமுக்கினேன். 40 டாலருக்குச் சாப்பாடு, மேலே கட்டணங்கள். அட்லாண்டாவுக்கு வடக்கே புறநகரான ஆல்ஃபரெட்டாவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் இறங்கி நானே போய் எடுத்தேன். ஜன்னலில் நின்ற அம்மா பையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை எங்களுக்கே போன் பண்ணு, பேபி" என்றார். (இந்தத் தெற்குப் பக்கம் 'பேபி' என்பது நம்மூர் 'கண்ணு' மாதிரி. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஏன் அப்படிச் சொன்னார் என்று வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் கணக்குப் புரிந்தது. டெலிவரி செயலிகள் கடையிடம் பிடிக்கும் கமிஷன் 30 சதவீதம் வரை போகும். அந்தக் கணக்கில் 40 டாலரில் 12 போய்விடும். நல்ல காலத்திலேயே ஓட்டல் தொழிலில் கடைசியாகக் கையில் நிற்பது நூற்றுக்கு நாலைந்துதான். நாமே போய் எடுத்தால் கமிஷன் கிடையாது என்று நினைத்திருந்தேன். விகிதம் குறையலாம், ஆனால் உண்டு.

சரி, அடுத்த முறை போனிலேயே சொல்வோம் என்று பட்டியலில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன். மணி அடிப்பதற்கு முன்னால் 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்' என்று ஒரு குரல். கோழி வறுக்கிற கடை எதற்கு என் அழைப்பைப் பதிவு செய்கிறது? அது செயலிக் கம்பெனி போட்டுவைத்த நம்பர். நம்மைக் கடைக்குத்தான் இணைக்கும், ஆனால் ஆர்டர் 'எங்கள் வழியாக வந்தது' என்று கணக்கில் ஏறிவிடும்.

இப்போது நான் செய்வது இது:

- கூகுளில் கடையின் புகைப்படங்களைத் திறந்து, பெயர்ப்பலகையோ மெனு அட்டையோ தெரியும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பலகையில் பெயிண்டால் எழுதியிருக்கும் நம்பர் பொய் சொல்லாது.
- அதைக் கடையின் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கத்தோடு ஒப்பிடுகிறேன். ஸ்பெஷல், விடுமுறை எல்லாம் அங்கேதான் முதலில் வரும்.
- இணையதளம் என்றால் மேலே முகவரிப் பட்டையைப் பார்க்கிறேன். கடைப் பெயரோடு செயலிக் கம்பெனி பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளியே வந்துவிடுகிறேன். ஸ்கொயர், டோஸ்ட் போன்ற பில்லிங் நிறுவனங்களின் பக்கமாக இருந்தால் தயங்குவதில்லை. அட்டைக் கட்டணம் மூன்று சதவீதம் அளவுக்குப் போகும், அது கவுண்டரில் அட்டை தேய்த்தாலும் போவதுதான்.

404 என்று தொடங்கினால் உள்ளூர் நம்பர்தானே என்று நம்பிவிடாதீர்கள். நான் ஏமாந்த நம்பரும் 404தான்.

3. போனில் சொல்வது

பிற்பகல் இரண்டரைக்கு மேல் கூப்பிடுங்கள், மதியக் கூட்டம் ஓய்ந்திருக்கும். 'மீட் அண்ட் டூ' என்பார்கள்: ஒரு கறி, இரண்டு தொடுகறி. மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவது மரியாதை. பின்னால் எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் அவர்களால் நமக்கு மெனு படித்துக்காட்ட முடியாது.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 'காலர்ட் கிரீன்ஸ்' என்ற கீரையில் 'மீட் உண்டா' என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன், இல்லை என்றார்கள். உண்மைதான், துண்டு எதுவும் இல்லை. ஆனால் கீரை வெந்ததே புகைபோட்ட வான்கோழிச் சாற்றில். விமானம் ரத்தாகி மார்ச் முதல் எங்களோடு இருந்த மாமியாரின் தட்டில் வைத்த பிறகுதான், டப்பா மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "எதில் வேகவைத்தது?" என்று கேளுங்கள். பீன்ஸ், காராமணிக்கும் அதே கேள்வி. கார்ன்பிரெட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு.

4. போய் எடுப்பது

கொரோனா காலத்து முகக்கவசம், காரின் நிறத்தைச் சொல்லிவைப்பது, டிக்கியைத் திறந்துவைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். டிப்ஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பார்சலுக்கு எதற்கு டிப்ஸ் என்று நானும் கேட்டவன்தான். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அதே தொகை. பந்தியில் பரிமாறி டிப்ஸ் பார்த்தவர்கள் கொரோனா காலத்தில் ஜன்னலில் பை நீட்டினார்கள். 20 சதவீதம், ரொக்கமாக, கையில்.

5. வீட்டுக்குக் கொண்டுவருவது

நம்மூரில் பார்சல் என்றாலே சாம்பார் பாக்கெட்டை நூல் போட்டு இறுக்கிக் கட்டுவது. வறுத்த கோழிக்கு அதைச் செய்தால் தீர்ந்தது. நாற்பது நிமிடப் பயணத்தில் ஆவி கட்டி, மொறுமொறுப்பு எல்லாம் நனைந்த அப்பளமாகிவிடும். காருக்கு வந்ததும் டப்பாவின் மூடியை ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள். வீட்டில் ஓவனை 375 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்கி, கம்பித் தட்டின் மேல் கோழியை வைத்து எட்டுப் பத்து நிமிடம். மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம்.

பின்சேர்க்கை, 2020 நவம்பர்: "வண்டி ஓட்ட முடியாத பெற்றோர் என்ன செய்வது, செயலிதானே வழி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம். அப்போது தயங்காமல் செயலியையே பயன்படுத்துங்கள். ஊபர் ஈட்ஸ் 2020 முடியும் வரை கறுப்பினத்தவர் கடைகளுக்கு டெலிவரிக் கட்டணம் வாங்கவில்லை. அது வாங்குபவருக்கான சலுகைதான், கடைக்கானது அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அப்படி மிச்சமாகும் காசை டிப்ஸாகப் போடலாம். எங்கள் குடியிருப்பில் நாலு வீடு சேர்ந்து வாரத்துக்கு ஒருவர் போய் வருகிறோம், எனக்கு அதுதான் பிடித்த வழி.

பின்சேர்க்கை, 2021 ஜனவரி: ஒரு கடை செயலியில் இருக்கிறது, ஆனால் கடைக்காரருக்கே அது தெரியவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். சில செயலிக் கம்பெனிகள் கடையைக் கேட்காமலே பழைய மெனுவை ஏற்றிவிட்டன. கலிஃபோர்னியா 2021 ஜனவரி முதல் அதற்குத் தடை போட்டது. அட்லாண்டாவில் இருப்பவர்கள் விலையைக் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பரிசு அட்டை வாங்கலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. இன்று வாங்கும் காசுக்குக் கடை நாளைக்குச் சமைத்துப்போட வேண்டும், அது ஒருவகைக் கடன்தான். மாதம் நூறு டாலர் அட்டையைவிட வாரம் இருபத்தைந்து டாலர் சாப்பாடு மேல்.

அப்புறம் ஒரு திருத்தம். எந்த நாளும் இரண்டரைக்குக் கூப்பிடலாம் என்பது போல மூன்றாவது படியில் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அது பொருந்தாது. கொரோனாவால் சர்ச் ஆராதனை இணையத்துக்குப் போனபோதும் அது முடிந்ததும் சாப்பாடு வாங்குகிற பழக்கம் போகவில்லை. ஒரு ஞாயிறு நாற்பது நிமிடம் லைனில் நின்றேன். பல கடைகளுக்குத் திங்கள் விடுமுறை, ஆக செவ்வாய் பாருங்கள்.