புராஸ்டேட் புற்றுநோய்: எந்தச் சிகிச்சை என்று முடிவெடுப்பதற்கு முன்

திசுப் பரிசோதனை (பயாப்ஸி) அறிக்கை கைக்கு வந்த அன்றே, ஆபரேஷன் எப்போது என்று வீட்டில் எல்லோரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி. அதைத் தாண்டிப் பரவாத புற்றுநோய்க்கு அந்த அவசரம் பெரும்பாலும் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும் நோய் இது என்பதால், சில வாரங்கள் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று மருத்துவர்களைப் பார்த்து, நிதானமாக முடிவெடுப்பதால் பொதுவாகக் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. பயாப்ஸி எடுத்த இடம் ஆறுவதற்காக அறுவைச் சிகிச்சை நிபுணரே சில வாரங்கள் காத்திருக்கச் சொல்வது வழக்கம். சிறுநீர் அடைத்துக்கொண்டவர்களுக்கும், எலும்பு வலியோடு வந்தவர்களுக்கும் இது பொருந்தாது.

முதலில் அறிக்கையை நீங்களே படித்துப் பாருங்கள். அதில் க்ளீசன் மதிப்பெண் என்று ஒன்று இருக்கும். நுண்ணோக்கியில் மிக அதிகமாகத் தெரியும் திசு வகைக்கு ஓர் எண்ணும், அடுத்த வகைக்கு இன்னோர் எண்ணும் கொடுத்து இரண்டையும் கூட்டுவார்கள். 3+3=6 என்றால் தீவிரம் குறைந்தது; 8, 9, 10 என்றால் தீவிரம் மிகுந்தது. இடையிலுள்ள 7 என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3+4=7 என்பதும் 4+3=7 என்பதும் ஒன்றல்ல; பின்னதில் முரட்டுத் திசு அதிகம், ஆகவே சிகிச்சையும் மாறக்கூடும். "ஏழு என்று சொன்னார்கள்" என்று மட்டும் இன்னொரு மருத்துவரிடம் சொன்னால் அவரால் எதுவும் சொல்ல முடியாது. எடுத்த துண்டுகளில் எத்தனையில் புற்றுநோய் இருந்தது, எம்.ஆர்.ஐ. படத்தில் சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கிறதா, பயாப்ஸிக்கு முன் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும், இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம்) அளவு என்ன என்பவற்றையும் ஒரே தாளில் எழுதி ஃபைலின் முன்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுரப்பி வீக்கத்துக்காக ஃபினாஸ்டெரைடு அல்லது டூட்டாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வருபவருக்குப் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும். 3 என்று வந்தால் அதை 6 ஆகக் கொள்ள வேண்டும். மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் விடுவது இங்கு அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது, யாரிடம் கேட்பது. அறுவைச் சிகிச்சை செய்பவர் அறுவையையும், கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பவர் கதிர்வீச்சையும் பரிந்துரைப்பது இயல்பு. அவரவர் கண்ட நல்ல பலன்களின் மேல் அவரவருக்கு நம்பிக்கை இருக்கத்தானே செய்யும்? ஆகவே முதலில் எந்த வாசலில் நுழைந்தோம் என்பது நமக்கான சிகிச்சையைத் தீர்மானித்துவிடக் கூடாது. அறுவை செய்யும் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) ஒருவர், கதிர்வீச்சு நிபுணர் ஒருவர் என்று இருவரையும் பார்த்த பிறகே தேதி குறியுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மையங்களில் இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பது வசதி.

அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு, உடனே சிகிச்சை செய்யாமல் சோதனைகளால் கவனித்து வரும் கண்காணிப்பும் ஒரு வழி. இந்த மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. பி.எஸ்.ஏ. சோதனையில் நோய் தெரியவந்த, 50 முதல் 69 வயது வரையிலான 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவுகளின்படி, இந்நோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9, அதாவது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உடலின் பிற பகுதிகளுக்கு நோய் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம் பேருக்கு. மற்ற இரண்டிலும் ஏறத்தாழ அதில் பாதிதான். இவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது தீவிரம் குறைந்த நோய் என்பதால், க்ளீசன் 9 உள்ளவர் இந்த எண்களைத் தமக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

க்ளீசன் 6 உள்ளவருக்குக் கண்காணிப்பே முதலில் பேசப்பட வேண்டிய வழி என்பது என் கருத்து. சும்மா இருப்பதைக் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது: சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ., குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ., மறுபடியும் பயாப்ஸி என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது, நோய் முறுக்கேறினால் சிகிச்சைக்கு மாறிவிட வேண்டும். சோதனைக்கு வராமல் நழுவிவிடக்கூடிய சுபாவம் உள்ளவருக்கும், உள்ளே இருக்கிறதே என்ற எண்ணத்தில் தூக்கமே வராதவருக்கும் இது ஒத்துவராது.

அறுவைச் சிகிச்சையில் சுரப்பி முழுவதும் நீங்கிவிடும். பிறகு தேவைப்பட்டால் கதிர்வீச்சும் கொடுக்கலாம். இதையே தலைகீழாக, கதிர்வீச்சுக்குப் பின் அறுவை என்று செய்வது கடினம். விலையாகக் கொடுப்பது சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மைச் செயல்பாட்டையும். அதே பிரிட்டிஷ் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் ஆறாவது மாதத்தில் 46 சதவீதம் பேரும், ஆறாம் ஆண்டில் 17 சதவீதம் பேரும் கசிவுக்காகப் பேட் பயன்படுத்தினார்கள். ரோபோ அறுவையில் இந்தத் தொல்லை இராது என்ற விளம்பரப் பேச்சை நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் திறந்த அறுவையோடு அதை ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டு முடிவில் இரண்டுக்கும் இவ்விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இயந்திரத்தைவிடக் கைப்பழக்கமே முக்கியம் என்பதால், ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்த அறுவையைச் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கசிவைக் குறைக்கும் பயிற்சியை அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து, காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை உள்ளிழுத்து இறுக்குங்கள். வயிறும் தொடையும் பிட்டமும் தளர்வாகவே இருக்க வேண்டும், மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்தி, பத்து முறை. இதை நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். அறுவைக்குப் பின் சிறுநீர் வடியப் போட்ட டியூப் இருக்கும் நாட்களில் செய்ய வேண்டாம். டியூப் எடுத்த பிறகு, இருமுவதற்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் முன்னால் ஒரு முறை இறுக்கிக்கொள்ளப் பழகினால், வேட்டி நனைவது மெல்ல மெல்லக் குறையும்.

ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லப்படும் கதிர்வீச்சில் வெட்டு இல்லை, படுக்கை இல்லை. ஆனால் நாள் தவறாமல் போக வேண்டும். முன்பு ஏழெட்டு வாரம் நடந்த சிகிச்சை இப்போது பல இடங்களில் 20 அமர்வுகளில், அதாவது சுமார் நான்கு வாரத்தில் முடிகிறது. தகுதியுள்ள சிலருக்கு ஐந்தே அமர்வுகள் போதும். ஒவ்வொரு முறையும் மலம் கழித்து, சிறுநீரையும் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, பை நிறையும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து தள்ளி வைக்கும். சிறுநீர் எரிச்சல், அடிக்கடி மலம் கழித்தல், சிலருக்குப் பிற்காலத்தில் மலத்தில் இரத்தம் ஆகியவை இதன் தொல்லைகள். ஆண்மைக் குறைவு இதிலும் உண்டு, மெதுவாக வரும். நடுத்தர நோய்க்கு ஆறு மாதம் வரையும், தீவிர நோய்க்கு ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரையும் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி சேர்க்கப்படலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் உடலையும் வீட்டையும் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறவருக்குக் கதிர்வீச்சு அந்த அடைப்பை மோசமாக்கலாம்; குடல் அழற்சி நோய் உள்ளவருக்கும் அது ஏற்றதல்ல. இதய நோயால் மயக்க மருந்து ஆபத்தாக இருப்பவருக்கு அறுவை உகந்ததல்ல. தென்காசியிலிருந்து சென்னைக்கு வந்து ஒரு மாதம் லாட்ஜில் தங்க வேண்டுமா, துணைக்கு யார் வருவார்கள், முதலமைச்சர் காப்பீட்டில் எது அடங்கும் என்பவையும் மருத்துவக் கேள்விகளைப் போலவே முக்கியமானவை. தாம்பத்தியத்தைப் பற்றி மருத்துவர் தாமாகப் பேசமாட்டார். மனைவியையும் உடன் அழைத்துச் சென்று நீங்களே கேளுங்கள்.

நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் ஆண் ஹார்மோனைக் குறைப்பதே அடிப்படைச் சிகிச்சை. ஊசியாகத் தொடரலாம், அல்லது விதைப்பையிலுள்ள விதைகளை அகற்றும் சிறு அறுவையை ஒரே முறை செய்துகொள்ளலாம். பலன் ஒன்றுதான், செலவு பின்னதில் மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு அபிராடெரோன் போன்ற மாத்திரையும் சேர்ப்பார்கள். ஹார்மோனைக் குறைப்பதால் உடம்பு திடீரென்று கொதிப்பதும், சர்க்கரை ஏறுவதும், தசை கரைவதும், எலும்பு வலுவிழப்பதும் உண்டு. நடையோடு சிறு எடை தூக்கும் பயிற்சியும், கால்சியமும் வைட்டமின் டியும் அவசியம்.

சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. அளவைப் படிக்கும் முறை மாறும். அறுவைக்குப் பின் அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்க வேண்டும், 0.2ஐத் தொட்டு மறுசோதனையிலும் அப்படியே வந்தால் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். கதிர்வீச்சுக்குப் பின் சுரப்பி உள்ளேயே இருப்பதால் அளவு மெதுவாகத்தான் இறங்கும், நடுவில் சிறிது ஏறி இறங்குவதும் உண்டு. இறங்கியதில் மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. எலும்பில் நோய் உள்ளவருக்கு முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தண்டுவடம் நசுங்கும்போது சில மணி நேரத் தாமதம்கூட நடக்க முடியாமல் செய்துவிடும்.