முழுமைச் சிகிச்சைக்கு வர நினைக்கும் கால்நடை மருத்துவருக்கு

முழுமைச் சிகிச்சை என்றால் வழக்கமான மருத்துவத்தோடு உணவு, அக்குபங்சர், மூலிகை போன்றவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. அதற்காகக் கல்லூரியில் படித்த மருத்துவத்தை விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, வலி மருந்து எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

மூட்டுவலி உள்ள வயதான நாய்களிடமிருந்து தொடங்குங்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் வேலை எடை. உடல் மெலிவையும் பருமனையும் 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரை மதிப்பிடும் அளவுகோலில் நாய் 4, 5-இல் இருந்தால் சரி. 7, 8 என்றால் அக்குபங்சர் ஊசிக்கும் மூலிகைக்கும் முன்னால் சாப்பாட்டு அளவைத் திருத்துங்கள். எடை குறைந்தாலே பல நாய்களின் நொண்டல் குறையும். வழுக்கும் தரையில் விரிப்பு போடச் சொல்லுங்கள். வீட்டில் நடப்பதை உரிமையாளர் வீடியோ எடுத்து வரட்டும். மேசைமேல் பயந்து நிற்கும் நாய் வலியை மறைத்துவிடும்.

அப்புறம் அக்குபங்சர். 1974-இல் தொடங்கிய சர்வதேசக் கால்நடை அக்குபங்சர் சங்கம் போல, கால்நடை மருத்துவர்களுக்கென்றே பயிற்சி தரும் இடத்தில் கற்றுக்கொள்ளுங்கள். வார இறுதிப் பட்டறை ஒன்று போதாது.

மூலிகையில்தான் அதிகக் கவனம் தேவை, அதிலும் பூனைகளிடம். பல பொருள்களை மாற்றி வெளியேற்றும் குளுகுரோனைடு வழி பூனையின் கல்லீரலில் பலவீனமானது. டீ ட்ரீ எண்ணெய் தோலில் பட்டாலே நஞ்சாகலாம். பூண்டு நாய், பூனை இரண்டுக்கும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். "வீட்டில் வேறு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்.

ஹோமியோபதியை நான் சேர்க்கவில்லை. நம்பத்தக்க சான்று இல்லை.

எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். சில வாரம் கழித்துப் புது வீடியோவைப் பழையதோடு ஒப்பிடுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.