ஏழெட்டுத் தூள் பைக்கற்றுகளுக்கு நடுவே உங்களுடையதைத் தெரிய வைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் எந்தப் பலசரக்குக் கடையிலும் கறித்தூள் தட்டைப் பாருங்கள். ஏழெட்டுப் பெயர்கள், எல்லாவற்றிலும் சிவப்பு லேபல், ஒரு செத்தல் மிளகாய்ப் படம், "வீட்டுச் சுவை" என்ற வாசகம். எது எப்படி வேறு என்று தெரியாதவர் விலையைப் பார்த்துத்தான் எடுப்பார். வீட்டில் வறுத்து மில்லில் அரைத்து விற்பவர் விலையைக் குறைத்துத் தாக்குப்பிடிக்க முடியாது. பைக்கற்றுக்கு 400 ரூபா செலவாகி 500க்குக் கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். 50 ரூபா குறைத்தால் இலாபம் பாதியாகும். பழைய வருமானத்துக்கு இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

இங்கே உதாரணம் தூள். ஒடியல் மா, பனங்கட்டி, மிக்சர் எதுவானாலும் இதே ஒழுங்கில் செய்யலாம்.

1. மற்றவர்களின் தூளை வாங்குங்கள்

திருநெல்வேலி, சுன்னாகம் போல இரண்டு சந்தைகளைச் சுற்றி ஒரே நிறையில் ஐந்து பைக்கற் வாங்குங்கள். கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள்: விலை, தராசில் காட்டும் உண்மை நிறை, லேபலில் உள்ள திகதிகள், சேர்மானம், நிறம். பிறகு பெயர் தெரியாமல் ஐந்தையும் சிறு கிண்ணங்களில் போட்டு, உங்களுடையதையும் ஆறாவதாக வைத்து, வீட்டாரை மணந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு போட்டு உருளைக்கிழங்குக் கறி வைத்தால் இன்னும் தெளிவாகும். உங்களுடையது நாலாவதாக வந்தால், லேபல் அடிக்கப் போகாமல் முதலில் தூளைத் திருத்துங்கள்.

2. வாங்குபவர்களைக் கேளுங்கள்

பதினைந்து பேர் போதும். "என்ரை தூள் எப்பிடி?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே சரியில்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. "கடைசியா ஏன் தூளை மாத்தினீங்கள்?", "பாதிப் பைக்கற் முடிஞ்ச பிறகு எப்பிடி இருந்தது?" என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நாலைந்து பேர் ஒரே குறையைச் சொன்னால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

3. ஒரேயொரு வாக்குறுதி

அந்தக் குறைக்கு மறுமொழியாக ஒன்றை மட்டும் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் மூன்று கேள்வி: வாங்குபவர் அதைத் தானே சரிபார்க்க முடியுமா? அது பெரிய கம்பனியால் இலகுவில் செய்ய முடியாததா? ஒவ்வொரு வாரமும் உங்களால் காப்பாற்ற முடியுமா? "தரமானது" முதல் கேள்வியிலேயே விழும். "மலிவானது" இரண்டாவதில். "தினமும் வறுத்தது" மூன்றாவதில்.

"மணம் போய்விட்டது" என்பதுதான் குறை என்றால், "வறுத்த திகதி பைக்கற்றில் உண்டு; 30 நாளைக் கடந்ததைக் கடையில் வைக்க மாட்டோம்" என்பது மூன்றிலும் தேறும். அரைத்த பிறகு தூளின் மேற்பரப்பு பலமடங்கு கூடுகிறது, மணம் தரும் எண்ணெய்கள் காற்றோடு போகின்றன. முகவர், களஞ்சியம், லொறி என்று கை மாறி வரும் தூளுக்கு இந்த 30 நாள் கடினம்.

4. சொன்னதைச் செய்யக்கூடிய அளவில் செய்யுங்கள்

வாரம் 250 கிராம் பைக்கற் 20 விற்றால் 5 கிலோதான் தேவை. மில்லுக்குப் போகும் செலவைப் பார்த்து 20 கிலோ அரைத்தால் விற்று முடியவே நாலு கிழமையாகும், கொஞ்சம் தாமதித்தாலும் 30 நாள் வாக்குறுதி முறியும்.

தொடங்க ஓர் அளவு: செத்தல் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகு 100, சின்னச்சீரகம் 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கலாம். ஆனால் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், கறிவேப்பிலையையும் சேர்த்து. கண்மட்டத்தில் போட்டால் மாதம் ஒரு சுவை வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் முழுத் தூளும் கைக்கும்.

மில்லில் உங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். கோப்பியோ அரிசி மாவோ இயந்திரத்துக்குள் மிச்சமிருக்கும். முதலில் வரும் கால் கிலோவை வீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். தூள் சூடாகத்தான் வெளியே வரும். அகலத் தட்டில் பரப்பி முற்றாக ஆறிய பிறகே அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே நீர் வியர்த்துக் கட்டிபடும், பூஞ்சணமும் பிடிக்கும்.

5. பையும் லேபலும்

உள்ளே பூச்சில்லாத காகிதப் பை பார்க்க அழகு. மணத்தைப் பிடித்து வைக்காது. முழுதும் கண்ணாடி போன்ற பையில் வெளிச்சம் பட்டு நிறம் மங்கும். உள்ளே படலம் உள்ள தடித்த பையை வெப்பத்தால் ஒட்டுங்கள்.

வறுத்த திகதி முன்பக்கத்தில், பெரிதாக. சாதாரண முத்திரை மை பிளாஸ்ரிக்கில் அழிந்துவிடும், அழியாத மை பேனாவால் எழுதுங்கள். நிறை, சேர்மானம், உற்பத்தி, முடிவுத் திகதிகள், தொகுதி இலக்கம், விலை, முகவரி பின்பக்கம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபலுக்கு ஒழுங்குவிதிகள் உள்ளதால், அச்சடிக்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முதல் தடவை 100 லேபல் போதும். மலிவென்று 5000 அடித்தால் பிழையும் 5000 தான்.

6. கடைக்குக் குறைவாகக் கொடுங்கள்

பலர் நட்டப்படும் இடம் இது. அதே 400, 500 கணக்கில் பத்துப் பைக்கற் கொடுத்து எல்லாம் விற்றால் இலாபம் 1000. ஒன்று திரும்பி வந்தால் ஒன்பதில் 900 கிடைத்து 400 போகும், மிச்சம் 500. இரண்டு திரும்பினால் ஒன்றுமில்லை. ஆகவே ஆறு கொடுத்து, முடிந்ததும் மறுபடி போங்கள். கடைக்காரர் "இன்னும் வையுங்கோ" என்றாலும் இணங்க வேண்டாம். 20ஆம் நாள் போய்ப் பார்த்து, மெதுவாகப் போகும் கடையில் இருப்பதை வேகமாக விற்கும் கடைக்கு மாற்றுங்கள்.

7. இரண்டாம் முறை வாங்கியவர்களை எண்ணுங்கள்

புதிது என்று முதல் பைக்கற் யாரும் வாங்குவார்கள். ஆறு கிழமையில் எத்தனை பேர் திரும்ப வாங்கினார்கள் என்று கடைக்காரரிடமும் வட்ஸ்அப்பிலும் கேட்டுக் குறியுங்கள். ஒருவரும் திரும்பாவிட்டால் லேபலின் நிறத்தை மாற்றுவதில் பலனில்லை, இரண்டாம் படிக்குப் போங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கிலோக் கணக்கில் வாங்கிப் பயணப் பெட்டியில் கொண்டுபோவார்கள். அவர்களுக்கு இரட்டைப் பையில் ஒட்டிக் கொடுங்கள். திரும்ப வாங்கியவர்களின் கணக்கோடு கலக்காமலிருக்க, அந்த விற்பனையை மட்டும் கொப்பியில் வேறு பக்கத்தில் எழுதுங்கள்.